கையிருப்பும் கடைசி ஃபர்லாங்கும்

குதிரைப் பந்தயத்தைத் தொலைக்காட்சியிலோ சினிமாவிலோ பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. கடைசி இருநூறு மீட்டர். அதுவரை முன்னால் ஓடிய குதிரைகள் தளர்கின்றன. எங்கோ பின்னால் கிடந்த ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு பறந்து வருகிறது. வர்ணனையாளருக்குக் குரல் உடைகிறது. அந்தக் குதிரை கடைசி நேரத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டது என்று நாம் சத்தியமே செய்வோம்.

பெரும்பாலும் அது கண்ணின் மயக்கம். சேணத்துணிக்குள் சிறு ரேடியோ கருவியை வைத்து, ஒவ்வொரு குதிரையின் வேகத்தையும் விநாடிக்கு விநாடி பதிவு செய்யும் வசதி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பதிவுகளைப் பார்த்தால், தொடக்கம் முதல் விறுவிறுப்பாக ஓடிய பந்தயங்களில், 'பறந்து வந்த' குதிரையும் அந்த நேரத்தில் வேகத்தை இழந்துகொண்டுதான் இருக்கிறது. மற்றவை அதைவிடச் சீக்கிரமாக இழக்கின்றன, அவ்வளவே. நின்றுகொண்டிருக்கும் ரயிலிலிருந்து பக்கத்து ரயில் கிளம்புவதைப் பார்க்கும்போது நாம்தான் பின்னோக்கிப் போகிறோம் என்று தோன்றுமே, அதே சார்பு வேகம்தான் இங்கேயும் நம்மை ஏமாற்றுகிறது.

அப்படியானால் பந்தயத்தில் வெல்வது எது? யார் அதிக வேகம் என்பதா, யார் குறைவாகத் தளர்கிறார் என்பதா? இதைப் பார்க்க உலகிலேயே வசதியான இடம் இங்கிலாந்தின் எப்சம். காரணம், அந்த ஓட்டப்பாதை அத்தனை கோணல்மாணலானது.

லண்டனுக்குத் தெற்கே, சுண்ணாம்புப் பாறை மேடு ஒன்றின்மீது இருக்கிறது எப்சம் பந்தயத் திடல். 1780 மே 4-ஆம் தேதி அங்கே டெர்பி என்ற பந்தயம் முதன்முதலாக நடந்தது. டயோமெட் என்ற குதிரை வென்றது. அப்போது தூரம் ஒரு மைல்தான். 1784-லிருந்து ஒன்றரை மைல் ஆயிற்று. இன்றைய கணக்கில் சுமார் 2,420 மீட்டர். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஆகவே எந்தக் குதிரைக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. பாதை லாட வடிவில் இடப்பக்கமாக வளைகிறது. முதல் ஒரு கிலோமீட்டருக்குள் சுமார் 40 மீட்டர் மேலே ஏறவேண்டும். பிறகு இறக்கம். இறங்கிக்கொண்டே டாட்டனம் கார்னர் என்ற வளைவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் எழுநூறு மீட்டர் சொச்சம் நேர்பாதை. அதுவும் சமமாக இல்லை, உள்வேலிப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கடைசி நூறு மீட்டரில் மறுபடி ஒரு சிறு ஏற்றம். பந்தயத் திடல் கட்டத் தெரிந்த எவரும் இப்படி ஒன்றைக் கட்டமாட்டார்கள். 2010-ல் வொர்க்ஃபோர்ஸ் என்ற குதிரை இதை 2 நிமிடம் 31.33 விநாடியில் ஓடி முடித்தது. மணிக்குச் சுமார் 58 கிலோமீட்டர் சராசரி வேகம்.

இந்த இரண்டரை நிமிடத்துக்கான ஏற்பாடு நாலரை ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வட அரைக்கோளத்தில் பிறக்கும் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் அதிகாரபூர்வப் பிறந்தநாள் ஜனவரி 1. மே மாதம் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஜனவரியில் ஒரு வயது ஆகிவிடும். எனவே வளர்ப்பவர்கள் எல்லோரும் குட்டி ஜனவரி, பிப்ரவரியில் பிறக்க வேண்டும் என்றே பார்க்கிறார்கள். கருக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். பெண் குதிரையோ இயற்கையில் பகல் நீளும் வசந்தத்தில்தான் பருவத்துக்கு வரும். அதனால் குளிர்காலத்திலேயே லாயத்தில் விளக்கு போட்டு, பகலை நீட்டிக் காட்டி அதன் மூளையை ஏமாற்றுகிறார்கள். மூன்று மாத மூப்பு மூன்று வயதுக் குதிரைக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் குதிரைக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான பொலிகுதிரையான நார்தர்ன் டான்சர் பிறந்தது 1961 மே 27-ல். உண்மையான மூன்றாவது பிறந்தநாள் வருமுன்னே, 1964 மே மாதத் தொடக்கத்தில், அது அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்றுவிட்டது.

அடுத்த வேலை எலும்பு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் நீண்ட எலும்புதான் பந்தயக் குதிரையின் பலவீனமான இடம். உயிருள்ள எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் என்பது பழைய செய்தி. ஆனால் எந்தச் சுமைக்கு? பழைய டிரெய்னர்கள் இளங்குதிரைகளை மெதுவாக, நெடுந்தூரம் ஓடவிட்டே பழக்கினார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் நூனமேக்கர் குழுவினர், எலும்பின் மேலேயே நுண்ணிய அளவிகளை ஒட்டி, ஓடும்போது அது எந்தத் திசையில் எவ்வளவு நெளிகிறது என்று அளந்தார்கள். மெது ஓட்டத்தில் நெளியும் திசை வேறு, முழுவேகத்தில் நெளியும் திசை வேறு என்று தெரிந்தது. அதாவது மாதக்கணக்கில் மெதுவாக ஓடிய குதிரையின் எலும்பு, மெதுவாக ஓடுவதற்குத்தான் தயாராகியிருக்கும். பந்தய வேகத்துக்குத் தயாராக வேண்டுமானால் சிறுசிறு தூரங்களைப் பந்தய வேகத்திலேயே ஓடிப் பழக வேண்டும். கேட்டால் இவ்வளவு எளிதா என்று இருக்கும். ஆனால் எலும்பில் அளவி ஒட்டிப் பார்க்கும்வரை இதை யாரும் நிரூபிக்கவில்லை.

தசைநாணுக்கு இந்த நல்லூழ் இல்லை. தசையை எலும்போடு பிணைக்கும் அந்தக் கயிறு, இளமை கடந்தபின் பயிற்சிக்கு ஏற்ப வலுப்பெறுவது மிகக் குறைவு. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை. எலும்பும் தசைநாணும் தோலும்தான். காலை லேசாக வைத்தால்தான் வேகமாக வீச முடியும் என்பதற்காகப் பரிணாமம் செய்த சிக்கனம் அது. ஒவ்வொரு எட்டிலும் தசைநாண் நீண்டு சுருங்கி ஆற்றலைத் திருப்பித் தருகிறது. தருவதில் ஒரு பகுதி வெப்பமாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. முழுவேக ஓட்டத்தில் தசைநாணின் நடுப்பகுதி 45 டிகிரி வரை சூடாவதை அளந்திருக்கிறார்கள். நம் உடலில் பல திசுக்கள் அந்தச் சூட்டைத் தாங்கா.

மே மாதம் வந்தால் தேர்வுகள். நியூமார்க்கெட்டில் ஒரு மைல் ஓட்டமான 'இரண்டாயிரம் கினி', யார்க்கில் 'டான்டே'. வெல்வது மட்டுமல்ல, ஒரு மைல் ஓடிய குதிரையால் இன்னும் அரை மைல் தாங்க முடியுமா என்று பார்ப்பதும் நோக்கம். அந்த அரை மைலில்தான் சிக்கல் இருக்கிறது.

ஓடும் குதிரையின் தசைக்கு ஆற்றல் இரண்டு வழியில் வருகிறது. பள்ளிப் பாடத்தில் காற்றுள்ள சுவாசம், காற்றில்லா சுவாசம் என்று படித்தவைதான். முதலாவது, மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை முழுதாக எரிப்பது. இது மாதச் சம்பளம் மாதிரி. தவறாமல் வரும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் ஒரு காசு கூடாது. இரண்டாவது, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜனை அரைகுறையாக உடைத்து எடுப்பது. இது வங்கியில் கிடக்கும் சேமிப்பு. வேண்டும்போது எடுக்கலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சேமிப்புக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதே போல இங்கும் ஒரு விநாடிக்கு இவ்வளவு என்ற வரம்பு இருக்கிறது. இந்த வரம்பை மறந்துவிடாமல் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

சேமிப்பு கரையக் கரையத் தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது. சுருங்கி விரிவதற்கான வேதிச் சமநிலையும் குலைகிறது. லாக்டிக் அமிலம்தான் இதில் வில்லன் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். கதை அவ்வளவு நேரானதல்ல என்று இப்போது தெரிகிறது. எப்படியானாலும் விளைவு ஒன்றுதான்: கால் மெதுவாகும்.

டெர்பி தூரத்துக்கு ஆகும் செலவில் முக்கால் பங்குக்கும் மேல் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. குதிரையின் சம்பளம் கொழுத்தது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், தேர்ந்த மனித ஓட்டக்காரர் பயன்படுத்துவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜனை அதனால் பயன்படுத்த முடியும். நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 தடவை துடிக்கும் இதயம் பந்தயத்தில் 220-ஐத் தாண்டுகிறது. ஆனால் அதன் பெரிய தந்திரம் இதயத்தில் இல்லை. மண்ணீரலில் இருக்கிறது.

இடப்பக்க விலா எலும்புகளுக்குள், அரிவாள் வடிவில், பெரிதாகக் கிடக்கும் உறுப்பு அது. நிதானமாக மேயும் குதிரை தன் ரத்தச் சிவப்பணுக்களில் பெரிய பங்கை அதற்குள் ஒதுக்கி வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் எந்நேரமும் சுற்றவிட்டால் ரத்தம் கெட்டியாகி இதயத்துக்குத்தான் வேலை கூடும். பந்தய நாளில், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் சுற்றிவரும்போதே, கூட்டத்தின் இரைச்சல் காதில் விழ, அட்ரினலின் ஊறுகிறது. மண்ணீரலின் தசை இறுகுகிறது. பிழிந்தெடுத்த சிவப்பணுக்கள் ஓட்டத்தில் கலக்கின்றன. நிற்கும்போது ரத்தத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கும் குறைவாக இருந்த சிவப்பணு, ஓட்டத்தில் அறுபதைத் தாண்டுகிறது. விளையாட்டு வீரர் யாராவது வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு இதைச் செய்தால் பதக்கத்தைப் பிடுங்கிவிடுவார்கள். குதிரை தன் ரத்தத்தையே தனக்கு ஏற்றிக்கொள்கிறது.

இது எப்படித் தெரியும்? ஸ்வீடனில் சூனே பெர்சன் என்ற கால்நடை விஞ்ஞானி 1960-களில் குதிரைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு ரத்தத்தின் மொத்தக் கொள்ளளவை அளந்தார். ஓடும் திறனுக்கும் அந்த மொத்த அளவுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. பின்னர் மண்ணீரல் அகற்றப்பட்ட குதிரைகளையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் கெட்டிப்படவில்லை, ஓட்டத்திறன் குறைந்தது. உறுப்பின் வேலையை அறிய அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது உடலியலின் பழைய, கொஞ்சம் இரக்கமற்ற வழி.

ஸ்டார்ட்டிங் கேட் திறக்கிறது. (டெர்பியில் இந்தக் கதவுகள் வந்ததே 1967-ல்தான். அதற்குமுன் குதிரைகளை ஒரு வரிசையில் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.) இனி ஒவ்வொரு எட்டும் ஏறக்குறைய ஏழு மீட்டர். விநாடிக்கு இரண்டரை எட்டுக்குச் சற்றுக் குறைவு. மொத்தப் பந்தயமே சுமார் 350 எட்டுகள்தான்.

அதில் ஒரே ஒரு எட்டை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். வலது பின்கால் மண்ணைத் தொடுகிறது. அடுத்து இடது பின்கால். பிறகு வலது முன்கால், கடைசியாக இடது முன்கால். அதன்பின் ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில். அந்தரத்தில் இருக்கும்போது கால்கள் எப்படி இருக்கும்? பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-ல் எப்சம் டெர்பியை வரைந்த படம் இருக்கிறது. முன்கால்கள் முன்னோக்கியும் பின்கால்கள் பின்னோக்கியும் நீண்டு, குதிரைகள் வயிற்றால் காற்றில் மிதக்கின்றன. அழகான படம். முழுத் தவறு. 1878 ஜூனில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் குதிரையே நூலை அறுத்துப் படமெடுக்கும்படி ஏற்பாடு செய்தார். கால்கள் நான்கும் அந்தரத்தில் இருப்பது நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேர்ந்திருக்கும்போது என்று படங்கள் காட்டின. பல ஆயிரம் ஆண்டுகள் குதிரையோடு வாழ்ந்தும் மனிதக் கண்ணுக்கு இது பிடிபடவில்லை.

அந்த அந்தரக் கணத்தில்தான் குதிரை மூச்சை இழுக்கிறது. முன்கால்கள் தரையில் ஊன்றும்போது வெளியே விடுகிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு. கூடவும் முடியாது, குறையவும் முடியாது. நமக்கு மூச்சு வாங்கினால் வாயைத் திறந்து இரண்டு மூச்சு சேர்த்து இழுத்துக்கொள்வோம். குதிரைக்கு ஓட்டத்தில் வாயால் மூச்சுவிடவே வராது. மூக்கு ஒன்றே வழி. ஒரு மூச்சுக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல், 350 மூச்சு, மொத்தம் 4,000 லிட்டருக்கும் மேல் காற்று. எட்டும் மூச்சும் ஏன் இப்படிப் பூட்டிக்கொண்டன என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. குடல் முன்னும் பின்னும் அசைந்து உதரவிதானத்தைத் தள்ளுகிறது என்பது ஒரு தரப்பு. கழுத்தும் முதுகும் வளைந்து நிமிர்வதே காரணம் என்பது இன்னொன்று. எதுவானாலும், சம்பளத்தின் உச்சவரம்பு இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

முதுகில் இருப்பவரும் செலவுதான். சேணத்தோடு சேர்த்து ஜாக்கியின் எடை சுமார் 58 கிலோ. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் ஜாக்கிகள் நீண்ட அங்கவடியில் காலை நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1897-ல் இங்கிலாந்து வந்து, அங்கவடியைக் குட்டையாக்கி, சேணத்தில் உட்காராமல் குனிந்து நின்றபடி ஓட்டினார். குரங்கு மாதிரி என்று சிரித்தார்கள். அவர் வரிசையாக வென்றதும் சிரிப்பு நின்றது. லண்டனின் ராயல் கால்நடைக் கல்லூரியில் தீலோ பஃபாவ் குழுவினர் குதிரையின் மேலும் ஜாக்கியின் மேலும் உணரிகளைக் கட்டி அளந்து, 2009-ல் காரணத்தை வெளியிட்டார்கள். குதிரையின் முதுகு ஒவ்வொரு எட்டிலும் மேலும் கீழும் முன்னும் பின்னும் ஆடுகிறது. உட்கார்ந்திருப்பவரை அதனுடன் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கிறது. குனிந்து நிற்பவரோ தன் முழங்காலை மடக்கி நீட்டி அந்த ஆட்டத்தைத் தானே வாங்கிக்கொள்கிறார். அவர் உடல் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. எடை குறையவில்லை, எடையைக் குலுக்கும் வேலை குறைகிறது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்ததற்கு இதுவே காரணம் என்பது அவர்கள் வாதம். பாரத்தைக் குதிரையிடமிருந்து எடுத்து ஜாக்கியின் தொடையில் வைத்த கதை இது. பந்தயம் முடிந்து இறங்கும் ஜாக்கிக்கு ஏன் கால் நடுங்குகிறது என்பதும் இதனால் விளங்கும்.

இப்போது எப்சம் ஏற்றம். ஐந்நூறு கிலோ குதிரையையும் ஜாக்கியையும் 40 மீட்டர் உயர்த்த ஆகும் ஆற்றலை, அதே சுமையை நின்ற நிலையிலிருந்து பந்தய வேகத்துக்குக் கொண்டுவர ஆகும் ஆற்றலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முந்தையது இரண்டரை மடங்குக்கும் அதிகம். ஓடத் தொடங்கும் முயற்சியைப் பந்தயத்தின் முதல் பாதியிலேயே இன்னும் இரண்டு மூன்று முறை செய்ததற்குச் சமம். ஏறும்போது துள்ளிக்கொண்டு முன்னால் ஓட முயலும் குதிரையை ஜாக்கி ஏன் இழுத்துப் பிடிக்கிறார் என்று இனிக் கேட்க வேண்டாம்.

அதே சமயம் மிகவும் பின்தங்கவும் கூடாது, இன்னொரு குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நல்லது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுவர் போல நிற்கும். முன்னால் போகிறவன் அதை உடைக்க, பின்னால் வருகிறவனுக்கு இழுவை பாதிக்கும் மேல் குறையலாம். இதைக் காற்றுமறைவு எனலாம். அதே ராயல் கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தொடக்கத்தில் சொன்ன வகை ரேடியோ பதிவுகளைக் கொண்டு 3,357 பந்தயங்களில் 44,803 ஓட்டங்களை அலசி 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காற்றுமறைவு பந்தய முடிவையே மாற்றக்கூடியது என்று அதில் தெரிந்தது. சில குதிரைகள் விநாடிக்கு 19 மீட்டருக்கும் அதிக வேகத்தைத் தொட்டதும் அதில் பதிவானது.

ஜாக்கி இதையெல்லாம் எந்தக் கருவியும் இல்லாமல் கணக்குப் போடுகிறார். சென்னைப் பந்தய மன்றம் தொடர்பான வழக்கொன்றில் 1996-ல் நம் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்ததே, வெறும் அதிர்ஷ்டமல்ல என்று தீர்ப்பளித்தது. சூதாட்டம் பற்றிய என் கருத்து வேறு. ஆனால் ஓட்டத்தைப் பற்றிய மட்டில் நீதிபதிகள் சொன்னது சரி.

மேட்டின் உச்சியைத் தாண்டியாயிற்று. இறக்கத்தில் வேகம் தானாக வரும் என்றுதான் சைக்கிள் ஓட்டிப் பழகிய நமக்குத் தோன்றும். பந்தயப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். ஏற்றத்தில் குதிரை வேகம் குறைகிறது. ஆற்றல் கணக்கு அதை அப்படியே விளக்குகிறது. இறக்கத்திலும் அது சமதளத்தைவிட மெதுவாகவே ஓடுகிறது! செலவு குறைவான இடத்தில் ஏன் தயக்கம்? விடை முன்காலில். முழுவேகத்தில் ஒரு முன்கால் தரையில் இருப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கண்ணிமைப்பில் அது தாங்கும் விசை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு, அதாவது ஒரு டன்னுக்கும் மேல். இறங்கும்போது எடை இன்னும் முன்னால் சாய்கிறது. பின்காலில் இருப்பது போலச் சமாளிக்கும் தசைக்கட்டு முன்காலில் இல்லை. அது ஏறக்குறைய ஒரு ஊன்றுகோல். சம்பளமும் சேமிப்பும் இருந்தும், காலை நம்பிச் செலவழிக்கப் பயம்.

அப்படி இறங்கும்போதே டாட்டனம் வளைவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இடது வளைவில் இடது முன்கால் கடைசியாக ஊன்ற வேண்டும். அதுதான் முன்னணிக் கால். மாற்றி ஊன்றினால் சமநிலை போய்விடும். நேர்பாதைக்கு வந்ததும் களைத்த காலை மாற்றி வலதுகாலை முன்னணிக்குக் கொண்டுவர வேண்டும். வெளிப்பக்கமாகப் போனால் தூரமும் கூடும். கால்வட்டம் திரும்பும் வளைவில் வேலியிலிருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளிப் போவதற்கும் ஒன்றரை மீட்டர் கூடுதல் ஓட்டம். நாலு மீட்டர் வெளியே போனவன் ஆறு மீட்டர், குதிரைக் கணக்கில் இரண்டரை லெங்த், இலவசமாகக் கொடுத்துவிட்டான்.

1986 ஜூன் 4. டான்சிங் பிரேவ், நியூமார்க்கெட்டில் இரண்டாயிரம் கினியை வென்றுவிட்டு டெர்பிக்கு வந்திருந்தது. எல்லோரும் அதன் மேல்தான் பணம் கட்டியிருந்தார்கள். எதிராளிகளில் ஒன்று ஷாராஸ்தானி. இரண்டுமே மேலே சொன்ன நார்தர்ன் டான்சரின் பேரன்கள். ஜாக்கி கிரெவில் ஸ்டார்கி, டான்சிங் பிரேவைப் பின்னாலேயே வைத்திருந்தார். இறக்கத்தில் அது இயல்பாக இறங்கவில்லை. நேர்பாதைக்கு வரும்போது முன்னணியிலிருந்து வெகுதூரம் பின்னால். வெளிப்பக்கம் கொண்டுவந்து முடுக்கினார். குதிரை ஒவ்வொன்றாகத் தாண்டியது. வின்னிங் போஸ்டில் ஷாராஸ்தானி அரை லெங்த் முன்னால். விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்டார்கியைப் பல ஆண்டுகள் திட்டித் தீர்த்தார்கள்.

ஜூலையில் அஸ்காட்டில், அதே ஒன்றரை மைல் தூரத்தில், வேறு ஜாக்கியோடு டான்சிங் பிரேவ் வென்றது, ஷாராஸ்தானி நான்காவது. அக்டோபரில் பாரிஸின் ஆர்க் பந்தயத்திலும் அப்படியே. ஆக எப்சமில் அதற்குத் தூரம் தாங்காமல் போகவில்லை. வேகமும் குறைவில்லை. சேமிப்பில் அதனிடம் இன்னும் மிச்சம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அதை எடுக்கத்தான் வழியில்லை. ஒரு விநாடிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கணக்கில் உள்ள தொகையல்ல, கால். வேகம் ஏற ஏறக் கால் தரையில் இருக்கும் நேரம் குறைகிறது. குறைந்த நேரத்துக்குள் அதே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் விசை ஏறுகிறது. ஓர் எல்லைக்கு மேல் எலும்பும் தசைநாணும் அனுமதிக்காது. முன்னால் ஓடுபவனும் ஓரளவு மிச்சம் வைத்திருந்தால், எழுநூறு மீட்டருக்குள் அந்த உச்சவரம்பு வேகத்தில் எவ்வளவு தூரத்தை மீட்க முடியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அரை லெங்த் அந்தக் கணக்குக்கு வெளியே விழுந்தது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் அமாந்தின் அஃப்தாலியோனும் கான்டன் மெர்சியேவும் 2020-ல் இதைச் சமன்பாடுகளாகவே எழுதி, வளைவையும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, குதிரைக்கு உகந்த ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். அவர்கள் விடை, முடிவில் சீறிப் பாய்வது அல்ல. வேகமாகத் தொடங்கி ஆக்சிஜன் வரவைச் சீக்கிரம் உச்சத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் நிலையாக ஓடி, கடைசியில் சற்றே தளர்ந்து முடிப்பது. எழுந்து நின்று கைதட்ட வைக்கிற ஓட்டம் அதில் இல்லை.

சம்பளக் குதிரையா, சேமிப்புக் குதிரையா என்பதை முன்கூட்டியே அறிய இப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் எமலின் ஹில் 2010-ல் வெளியிட்ட ஆய்வு, தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றத்தைச் சுட்டியது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் 'சி' எழுத்தே வந்திருந்தால் தசை திரண்ட குறுந்தூரக் குதிரை. இரண்டும் 'டி' என்றால் நெடுந்தூரம். ஒன்றும் ஒன்றுமாக இருந்தால் நடுத்தரம். இங்கிலாந்தில் சுமார் முந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு பெண் குதிரையிடமிருந்து அந்தச் 'சி' பந்தய இனத்துக்குள் வந்ததாக 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஆனாலும் வம்சம் எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை. ஓடிய 14 பந்தயத்திலும் வென்ற ஃபிராங்கெல், தூரம் தாங்காது என்ற சந்தேகத்தால் 2011 டெர்பிக்கு வரவே இல்லை. அதன் மகன் அடயார் 2021 டெர்பியை வென்றது. டான்சிங் பிரேவின் மகன் கமாண்டர் இன் சீஃபும் 1993-ல் வென்றது.

இறங்கிக்கொண்டே திரும்பும் குணத்துக்குத்தான் இன்னும் பரிசோதனை எதுவும் வரவில்லை. அதனால் டெர்பிக்குச் சில நாள் முன்பு, டிரெய்னர்கள் பலர் தங்கள் குதிரையை வண்டியில் ஏற்றி எப்சமுக்கே கொண்டுவருகிறார்கள். காலையில் கூட்டமில்லாத திடலில், துணைக்கு இன்னொரு குதிரையோடு மேட்டிலிருந்து டாட்டனம் வளைவு வழியாக ஒருமுறை இறக்கிவிடுகிறார்கள். வளைவில் இடதுகால் முன்னணியில் இருக்கிறதா, நேர்பாதையில் மாற்றுகிறதா, சாய்வில் வேலிப் பக்கம் சரிகிறதா என்று ஓரத்தில் நின்று கண்ணால் பார்க்கிறார்கள்.